கிராமங்களில் எச்.பி.வி. தடுப்பூசியும் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பும்: எந்த வேலை முதலில், எது பிறகு

இந்தப் பணிக்குப் புதிதாக வருபவர்கள் மருந்து வந்து சேரும் தேதியை வைத்துத்தான் திட்டம் போடத் தொடங்குகிறார்கள். அந்தத் தேதிக்குள் என்னென்ன முடிந்திருக்க வேண்டும் என்று யோசிப்பது குறைவு. அதன் விளைவை மறுபடி மறுபடி பார்க்கிறேன். அன்றைக்குப் பள்ளிக்கு வந்த சிறுமிகள் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். பள்ளியை விட்டு நின்றவர்களும், வீட்டில் சம்மதம் கிடைக்காதவர்களும் விடுபட்டுப் போகிறார்கள். பிறகு தேடிப் போகலாம் என்றால் யாரிடமும் பட்டியல் இல்லை.

செவிலியர், கிராம சுகாதாரப் பணியாளர், ஆசிரியர், தன்னார்வலர் என யார் முன்னின்று நடத்தினாலும் கீழே உள்ள வரிசை உதவும். வயது, டோஸ் ஆகியவற்றில் உங்கள் நாட்டின் தடுப்பூசி அட்டவணை சொல்வதே இறுதி.

1. சிகிச்சை கிடைக்கும் இடத்தை முதலில் உறுதிசெய்யுங்கள்

ஊசிக்கே முன்பு சிகிச்சையைப் பற்றி ஏன் பேச வேண்டும்? மகளுக்கான ஊசியைப் பற்றிச் சொல்லப் போனால், "எனக்கு ஏதாவது இருந்தால் எப்படித் தெரியும்?" என்று தாய் கேட்பார். இந்தக் கேள்வி எல்லா ஊரிலும் வரும். பதில் இல்லாமல் நின்றால் நம்பிக்கை அங்கேயே குறையும். பதில் சொல்லிப் பரிசோதனையும் செய்துவிட்டு, பாதிப்பு இருப்பவரை அனுப்ப இடமில்லாமல் விட்டால் அது இன்னும் கொடுமை. தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாத பயத்தோடு அந்தப் பெண் நாட்களைக் கழிக்க வேண்டியிருக்கும்.

கருப்பை வாய்ப் புற்றுநோயை ஒழிக்க உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவித்த திட்டத்திலும் மூன்று இலக்குகள் சேர்ந்தேதான் இருக்கின்றன. 2030க்குள் 90 சதவீதச் சிறுமிகளுக்கு 15 வயதுக்குள் தடுப்பூசி, 70 சதவீதப் பெண்களுக்கு 35 வயதுக்குள் ஒருமுறையும் 45 வயதுக்குள் மறுமுறையும் தரமான பரிசோதனை, பாதிப்பு கண்டறியப்பட்டவர்களில் 90 சதவீதத்தினருக்குச் சிகிச்சை.

எனவே முதலில் இவற்றை எழுதி வையுங்கள்: புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களுக்குச் சிகிச்சை தருவது எந்த மருத்துவமனை, எந்தக் கிழமைகளில், அங்கே நம்மிடமிருந்து வரும் பெண்ணை எதிர்கொண்டு அழைத்துப் போகப் போவது யார், போக்குவரத்துச் செலவை யார் ஏற்பது. புற்றுநோயே உறுதியானால் அடுத்து எங்கே போக வேண்டும் என்பதும் வேண்டும். மருத்துவமனையின் பெயர் மட்டும் போதாது. ஒரு ஆளின் பெயர் வேண்டும். ஆள் தெரியாமல் அனுப்பப்படும் பெண்கள் பதிவு வரிசையிலேயே மனம் தளர்ந்து திரும்பிவிடுகிறார்கள்.

2. குழுவில் எல்லோரும் ஒரே தகவலைச் சொல்லப் பழகுங்கள்

வீட்டுக்கு வந்த செவிலியர் ஒன்றும், பள்ளியில் ஆசிரியர் வேறொன்றும் சொன்னால் ஊர் இரண்டையும் நம்பாது. கிளம்பும் முன் குழுவில் உள்ள ஒவ்வொருவரும் கீழே உள்ளவற்றைத் தங்கள் சொந்த வார்த்தைகளில் சொல்லிப் பார்க்க வேண்டும்.

கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏறத்தாழ எல்லாமே எச்.பி.வி. என்னும் வைரஸ் நீண்ட காலம் உடலில் தங்குவதால் வருகிறது. இந்த வைரஸில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. 16, 18 ஆகிய இரண்டு வகைகள் மட்டுமே இப்புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். இன்று புழக்கத்தில் உள்ள எல்லா எச்.பி.வி. தடுப்பூசிகளும் இவ்விரண்டையும் தடுக்கின்றன.

தொற்று மிகச் சாதாரணமானது. பெரும்பாலோருக்குத் தானாகவே போய்விடும். சிலருக்கு மட்டும் தங்கி, பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகளில் புற்றுநோயாக மாறுகிறது. எச்.ஐ.வி. போன்றவற்றால் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்து, சிகிச்சையும் பெறாதவர்களுக்கு 5 முதல் 10 ஆண்டுகள் போதும்.

தடுப்பூசிக்கு முதன்மையான வயது 9 முதல் 14. வைரஸைச் சந்திப்பதற்கு முன்பே போட்டால்தான் முழுப் பலன். ஏற்கெனவே உள்ள தொற்றை இந்த ஊசி குணப்படுத்தாது. போடும் முன் எந்த ரத்தப் பரிசோதனையும் தேவையில்லை.

மருந்துக்குள் உயிருள்ள வைரஸ் இல்லை, அதன் மரபுப்பொருளும் இல்லை. வைரஸின் மேலுறைப் புரதத்தால் ஆன வெறும் கூடு அது, ஆள் இல்லாத வீடு மாதிரி. ஆகவே ஊசியால் தொற்று வர வழியே இல்லை.

9 முதல் 20 வயது வரை ஒரு டோஸோ இரண்டு டோஸோ போடலாம், 21 வயதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு டோஸ் என்பது 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் தந்த பரிந்துரை. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குக் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று. உங்கள் நாடு இதில் எதைத் தேர்ந்திருக்கிறதோ அதை மட்டும் மக்களிடம் சொல்லுங்கள். எல்லாவற்றையும் விளக்கப் போனால் "பக்கத்து நாட்டில் ஒன்று, இங்கே இரண்டு" என்ற குழப்பம்தான் மிஞ்சும்.

யாருக்குப் போடக் கூடாது? முந்தைய டோஸுக்கோ மருந்தில் உள்ள பொருளுக்கோ கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டவர்களுக்கு. கடும் காய்ச்சல் இருந்தால் குணமான பிறகு போடலாம். கர்ப்பமாக இருந்தால் பிரசவம் வரை தள்ளிவையுங்கள். தெரியாமல் கர்ப்ப காலத்தில் போட்டுவிட்டால் கருவுக்குத் தீங்கு என்று காட்டும் சான்று இல்லை, எனவே யாரையும் பயமுறுத்த வேண்டாம். லேசான சளி, மாதவிடாய் இரண்டும் தடையே இல்லை. மாதவிடாய் நாளில் ஊசி கூடாது என்று திருப்பி அனுப்பப்பட்ட சிறுமிகள் பலர். அந்தத் தவறு மட்டும் நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. சிறுமிகளின் பட்டியலை வீடு வீடாக முடியுங்கள்

மொத்த வேலையிலும் அதிக நேரம் கேட்பது இதுதான். அதனால்தான் பலரும் இதைத் தவிர்த்துவிட்டுப் பள்ளி வருகைப் பதிவேட்டை வாங்கிப் பிரதி எடுத்துக்கொள்கிறார்கள். பள்ளிப் பதிவேடு பாதிப் பட்டியல்தான். அதில் இல்லாத சிறுமிதான் பின்னாளில் பரிசோதனைக்கும் வராமல் போக வாய்ப்புள்ள பெண். வறுமை, சீக்கிரமே நடக்கும் திருமணம், தொலைவு என எந்தக் காரணங்கள் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினவோ, அதே காரணங்கள் அவளை மருத்துவமனையிலிருந்தும் தள்ளிவைக்கும். ருவாண்டா 2011இல் நாடு முழுவதும் இத்தடுப்பூசியைத் தொடங்கியபோது, பள்ளியில் போட்டதோடு நிற்காமல் கிராம சுகாதாரப் பணியாளர்களை வைத்துப் பள்ளிக்கு வராத சிறுமிகளையும் தேடிப் பிடித்தது. 90 சதவீதத்தைத் தாண்டியதில் அந்தத் தேடலுக்குப் பெரிய பங்கு உண்டு.

பட்டியலை இப்படிக் கட்டுங்கள். முதலில் வயதைக் கணக்கிட ஒரே ஒரு தேதியை வைத்துக்கொள்ளுங்கள். 'ஐந்தாம் வகுப்பு மாணவிகள்' என்று வகுப்பை வைத்து எடுத்தால், தாமதமாகச் சேர்ந்தவர்களும் ஒரே வகுப்பில் மீண்டும் படிப்பவர்களும் குழப்புவார்கள். அடுத்து பள்ளிப் பெயர்களை ஏற்றுங்கள். அதன் பிறகு தெரு தெருவாகப் போய், பள்ளிப் பட்டியலில் இல்லாத பெயர்களைச் சேருங்கள்.

வீட்டில் "உங்கள் மகள் எந்தப் பள்ளியில் படிக்கிறாள்?" என்று தொடங்காதீர்கள். படிக்காத மகளைப் பற்றி அந்த வீடு வாய் திறக்காது. "இந்த வீட்டில் 9 முதல் 14 வயதுக்குள் பெண் பிள்ளைகள் யார் யார் இருக்கிறார்கள்? வெளியூரில் தங்கியிருப்பவர்களையும் சொல்லுங்கள்" என்று கேட்டால் விடுதியில் இருப்பவள், வேலைக்குப் போனவள், உறவினர் வீட்டில் வளர்பவள் எல்லோரும் வெளியே வருவார்கள். மாற்றுத்திறனாளிச் சிறுமிகளைத் தனியாகக் கேட்டே ஆக வேண்டும். கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள். அறுவடைக்கோ கட்டட வேலைக்கோ குடும்பத்தோடு இடம்பெயர்பவர்கள் எந்த மாதத்தில் ஊரில் இருப்பார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஊசி போடும் தேதியைத் தீர்மானிக்க அது உதவும்.

பெயர், பிறந்த தேதி, தாய் அல்லது பாதுகாவலர் பெயர், வீட்டின் அடையாளம், தொடர்பு எண், பள்ளி இருந்தால் அதன் பெயர், ஒப்புதல், போட்ட தேதி, மருந்தின் தொகுதி எண், போடாவிட்டால் காரணம் ஆகியவை பட்டியலின் கட்டங்கள். கடைசிக் கட்டத்தைப் பலர் வைப்பதே இல்லை. எட்டாம் படியில் அது இல்லாமல் நகர முடியாது.

4. ஊரோடு பேசுங்கள், மருந்து வருவதற்கு முன்பே

வதந்திக்குப் பிறகு சொல்லப்படும் உண்மை சமாதானம் மாதிரிதான் கேட்கும். ஆகவே குறைந்தது சில வாரங்கள் முன்னதாகப் பேச்சைத் தொடங்க வேண்டும்.

யாரிடம் முதலில் போவது என்பது முக்கியம். ஊரில் உடம்புக்கு முடியாவிட்டால் மக்கள் முதலில் ஓடுவது யாரிடமோ, அவரிடம் முதலில் போங்கள். அவர் தனியார் மருத்துவராகவோ, மருந்துக்கடைக்காரராகவோ, வயதான தாதியாகவோ இருக்கலாம். பெற்றோர் உங்களிடம் தலையாட்டிவிட்டு அவரிடம்தான் போய்க் கேட்பார்கள். "எனக்கு ஒன்றும் தெரியாதே" என்று அவர் சொல்லிவிட்டால் உங்கள் உழைப்பு அந்த இடத்தில் நிற்கும். அடுத்து ஆசிரியர்களும் வழிபாட்டுத் தலங்களின் பெரியவர்களும். பிறகு பெற்றோர் கூட்டம்.

அம்மாக்களை மட்டும் கூட்டிப் பேசிவிட்டு வருவது வழக்கமான பிழை. பல வீடுகளில் முடிவெடுப்பவர் அப்பா, சில வீடுகளில் பாட்டி. வேலை முடிந்து ஆண்கள் வீடு திரும்பும் நேரத்தில் இன்னொரு கூட்டம் வையுங்கள். சிறுமிகளிடமும் தனியே பேசுங்கள். என்ன ஊசி, எங்கே போடுவார்கள், எவ்வளவு வலிக்கும் என்று முன்பே தெரிந்த பிள்ளை அன்றைக்கு அவ்வளவாகப் பயப்பட மாட்டாள்.

பேச்சைப் புற்றுநோயிலிருந்து தொடங்குங்கள். "இது கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி" என்பது முதல் வாக்கியமாக இருக்கட்டும். எப்படிப் பரவுகிறது என்று யாராவது கேட்டால் மறைக்க வேண்டாம், பாலுறவுத் தொடர்பின் வழியாக என்று நேராகச் சொல்லுங்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால், மற்ற எல்லாவற்றையும் மறைத்திருப்பீர்கள் என்றுதான் நினைப்பார்கள்.

அடிக்கடி வரும் கேள்விகளுக்குச் சுருக்கமான பதில்களைத் தயாராக வையுங்கள்.

"பின்னாளில் குழந்தை பிறக்காமல் போகுமா?" போகாது. 2006 முதல் உலகெங்கும் கோடிக்கணக்கில் போடப்பட்டு, தொடர்ந்து கண்காணிக்கப்பட்டும் வருகிறது. மலட்டுத்தன்மைக்கும் இதற்கும் தொடர்பு காணப்படவில்லை. முற்றிய கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கருப்பையை அகற்றவோ கதிர்வீச்சு தரவோ நேர்ந்தால்தான் தாய்மை பறிபோகிறது. இதைச் சொல்லும்போது பல முகங்கள் மாறுவதைப் பார்க்கலாம்.

"இவ்வளவு சின்ன வயதில் எதற்கு?" இந்த வயதில் உடல் எதிர்ப்புச் சக்தியை நன்றாக உருவாக்குகிறது, தொற்றும் இன்னும் வந்திருக்காது.

"நிஜமாகவே புற்றுநோய் குறைந்திருக்கிறதா?" ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் கண்டறியப்படவில்லை என்று 2024இல் ஆய்வு வெளியானது.

"பையன்களுக்கு வேண்டாமா?" அவர்களுக்கும் இந்த வைரஸால் தொண்டை, ஆசனவாய், ஆண்குறி ஆகியவற்றில் புற்றுநோய் வரலாம். சில நாடுகள் பையன்களுக்கும் போடுகின்றன. மருந்து அளவாக இருக்கும் இடத்தில் சிறுமிகளுக்கு முதலிடம் தருகிறார்கள், ஏனெனில் நோயின் பெரும்பங்கு பெண்களைத்தான் தாக்குகிறது.

5. ஒப்புதல்

உங்கள் நாட்டின் சட்டம் என்ன முறையைக் கேட்கிறதோ அதைப் பின்பற்றுங்கள். படிவத்தைச் சிறுமியிடம் கொடுத்தனுப்பிவிட்டுக் காத்திருந்தால், பாதி புத்தகப்பையிலேயே கிடக்கும். கூட்டத்திலும் வீட்டிலும் நேரில் வாசித்துக் காட்டி, கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு வாங்குங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் அவசரமாகக் கைரேகை வாங்காதீர்கள். அந்த அவசரமே அடுத்த நாள் சந்தேகமாகப் பேசப்படும்.

6. மருந்தைக் குளிரில் வையுங்கள், உறைய விடாதீர்கள்

எச்.பி.வி. தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். வெயிலைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். ஆனால் உறைந்து போனாலும் இந்த மருந்து பயனற்றதாகிவிடும், அது வெளியே தெரியாமலும் போகலாம். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே பெட்டியில் வைத்து, அதன்மேல் மருந்துக் குப்பிகளை அடுக்குவது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. ஐஸ் பேக்கைச் சிறிது நேரம் வெளியே வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் அசையும் ஓசை கேட்ட பிறகே பெட்டிக்குள் வையுங்கள். உறைந்திருக்குமோ என்ற சந்தேகம் வந்த குப்பியைத் தனியே எடுத்து வைத்து மேலதிகாரிக்குத் தெரிவியுங்கள். பயன்படுத்தாதீர்கள்.

குப்பியில் ஒட்டியிருக்கும் வெப்பக் காட்டியை எடுக்கும்போதும் போடும் முன்பும் பாருங்கள். உள்சதுரம் வெளிவட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்த மருந்து வேண்டாம். ஒன்றுக்கு மேற்பட்ட டோஸ் உள்ள குப்பியாக இருந்தால், திறந்த நேரத்தைக் குப்பி மேலேயே எழுதுங்கள். எவ்வளவு நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது தயாரிப்பைப் பொறுத்து மாறும், லேபிளைப் படியுங்கள்.

தொலைவான ஊர் என்றால், பெட்டி எத்தனை மணி நேரம் குளிரைத் தாங்கும் என்பதைப் போகும் நேரம், அங்கே செலவாகும் நேரம், மீதி மருந்தோடு திரும்பும் நேரம் மூன்றையும் கூட்டிக் கணக்கிடுங்கள். திரும்பும் நேரத்தைத்தான் மறந்துவிடுவார்கள்.

7. ஊசி போடும் நாள்

இடத்தை நான்காகப் பிரியுங்கள்: பெயர் சரிபார்க்கும் இடம், காத்திருக்கும் இடம், ஊசி போடும் இடம், போட்ட பிறகு உட்காரும் இடம். காத்திருப்பவர்களுக்கு ஊசி போடுவது தெரியாதபடி ஒரு திரையாவது வேண்டும். உட்காரும் இடம் வரிசையிலிருந்து விலகி, காற்றோட்டமாக இருக்கட்டும்.

இதற்கெல்லாம் காரணம் மயக்கம். இந்த வயதுப் பிள்ளைகள் எந்த ஊசிக்குமே பயத்தில் மயங்கி விழலாம். மயக்கத்தைவிட விழுந்து தலையில் அடிபடுவதுதான் ஆபத்து. உட்கார வைத்தோ படுக்க வைத்தோ போடுங்கள், போட்ட பிறகு 15 நிமிடம் உட்கார வைத்துக் கவனியுங்கள். வெறும் வயிற்றோடு யாரும் வரக் கூடாது என்று முந்தைய நாளே சொல்லியனுப்புங்கள். பயப்படும் சிறுமியைக் கடைசிவரை காக்க வைக்காமல் முதலிலேயே முடித்து அனுப்புங்கள்.

ஒருத்தி மயங்கியதை வரிசையே பார்த்துவிட்டால், அடுத்தடுத்துப் பலருக்கும் தலைச்சுற்றலும் படபடப்பும் வரும். அந்தப் பிள்ளைகள் நடிக்கவில்லை. பயத்துக்கு உடம்பு உண்மையாகவே அப்படி எதிர்வினை காட்டும். கொலம்பியாவின் எல் கார்மென் தே பொலிவார் ஊரில் 2014இல் ஏராளமான சிறுமிகளுக்கு இத்தகைய அறிகுறிகள் தோன்றின. காணொளிகள் பரவின. மருந்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்று விசாரணை முடிவு வந்த பிறகும், நாடு முழுவதும் தடுப்பூசி போட்டுக்கொள்வோர் எண்ணிக்கை பாதாளத்துக்குப் போனது. ஜப்பானிலும் 2013இல் எழுந்த அச்சத்தால் அரசு தன் பரிந்துரையை நிறுத்திவைத்தது. மீண்டும் முழு அளவில் பரிந்துரைக்க 2022 ஆனது. மயங்கியவளை அமைதியாகத் தனி இடத்துக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைத்து, கால்களைச் சற்று உயர்த்தி வைத்து, ஒருவர் பக்கத்திலேயே இருங்கள். மற்றவர்கள் கூட வேண்டாம், கைபேசியில் படம் எடுக்கவும் விடாதீர்கள்.

உண்மையான ஒவ்வாமை அதிர்ச்சி மிக அரிது, ஆனால் அதற்கு அட்ரினலின் கைவசம் இருந்தே ஆக வேண்டும். அதைக் கொடுக்கத் தெரிந்தவரும் அங்கே இருக்க வேண்டும். உடம்பெங்கும் தடிப்பு, மூச்சுத்திணறல், முகமோ உதடோ வீங்குதல் ஆகியவை தென்பட்டால் அது வெறும் மயக்கம் இல்லை, தாமதிக்காதீர்கள்.

மேல்கைத் தசையில் 0.5 மி.லி. செலுத்துங்கள். பயன்படுத்திய ஊசிக்கு மூடி போட முயலாமல் நேராகப் பாதுகாப்புப் பெட்டியில் போடுங்கள். பெட்டி முக்கால் பங்கு நிறைந்ததும் மாற்றுங்கள். ஒவ்வொரு சிறுமிக்கும் போட்டவுடனேயே பதிவேட்டிலும் அவள் கையில் உள்ள அட்டையிலும் எழுதுங்கள். மாலையில் சேர்த்து எழுதலாம் என்று விட்டால் பெயர்கள் மாறிவிடும்.

கை வலி, லேசான காய்ச்சல், தலைவலி ஓரிரு நாள் இருக்கலாம் என்று பெற்றோரிடம் சொல்லி, வேறு ஏதாவது என்றால் அழைக்க ஒரு எண்ணையும் கொடுங்கள். அந்த அழைப்பை இரவிலும் யாராவது எடுக்க வேண்டும்.

8. விடுபட்டவர்களை இரண்டு வாரத்துக்குள் தேடுங்கள்

பட்டியலில் காரணம் எழுதிய கட்டத்தை இப்போது எடுங்கள். விடுபட்டவர்களில் மறுத்தவர்கள் பொதுவாகச் சிலர்தான். மற்றவர்கள் அன்று உடம்பு சரியில்லாதவர்கள், வேலைக்குப் போனவர்கள், செய்தியே எட்டாதவர்கள். இவர்களுக்கு அறிவுரை தேவையில்லை, வசதியான நேரமும் இடமும் போதும். மாலை வேளையோ விடுமுறை நாளோ வைத்துக்கொள்ளுங்கள்.

மறுத்தவர்களிடம் கூட்டமாகப் போகாதீர்கள். ஒருவர் மட்டும், முடிந்தால் தன் மகளுக்குப் போட்டுவிட்ட இன்னொரு தாயோடு போகட்டும். முதல் சந்திப்பில் காரணத்தைக் கேட்டுக்கொண்டு திரும்பினாலே போதும்.

9. தாய்மார்களுக்குப் பரிசோதனை

மகளுக்குப் போட்ட சூடு ஆறுவதற்குள் இதைத் தொடங்குங்கள். பட்டியலில் தாயின் பெயர் ஏற்கெனவே இருக்கிறது, அறிமுகமும் ஆகிவிட்டது.

பொதுவாக 30 வயதிலிருந்து, எச்.பி.வி. பரிசோதனை (இந்த வைரஸ் இருக்கிறதா என்று மாதிரி எடுத்துப் பார்ப்பது) என்றால் 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 25 வயதிலிருந்து, 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை. இந்தப் பரிசோதனையின் பெரிய வசதி, மாதிரியைப் பெண் தானே எடுத்துக் கொடுக்கலாம் என்பது. அந்தரங்கப் பரிசோதனைக்குக் கூச்சப்பட்டே வராமல் இருந்தவர்கள் இதற்குச் சம்மதிக்கிறார்கள். எப்படி எடுப்பது என்பதைப் படம் காட்டி விளக்குங்கள்.

ஆய்வக வசதி எட்டாத இடங்களில் 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவிக் கண்ணால் பார்க்கும் முறை இருக்கிறது. முடிவு உடனே தெரியும், செலவும் குறைவு. ஆனால் பார்ப்பவரின் பயிற்சியைப் பொறுத்தே துல்லியம். மாதவிடாய் நின்றவர்களுக்கு இது ஏற்றதல்ல, ஏனெனில் பார்க்க வேண்டிய பகுதி உள்ளே போய்விடுகிறது.

முடிவைச் சொல்வதில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். "எச்.பி.வி. இருக்கிறது" என்றால் புற்றுநோய் இருக்கிறது என்று பொருளில்லை என்பதே முதல் வாக்கியமாக இருக்க வேண்டும். தொற்று எப்போது வந்தது என்று சொல்ல முடியாது, பல ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வீட்டில் சந்தேகமும் சண்டையும் வெடிக்கும், பழி அந்தப் பெண்ணின் தலையில் விழும். முடிவைத் தனியாக, அவரிடம் மட்டும் சொல்லுங்கள். அக்கம்பக்கத்தாரிடம் செய்தி சொல்லி அனுப்பவே கூடாது.

பாதிப்பு இருந்து சிகிச்சைக்குத் தகுதியானவர்களுக்குப் பெரும்பாலும் வெப்பத்தால் அந்தத் திசுவை அழிக்கும் எளிய முறையே போதும், மருத்துவமனையில் தங்க வேண்டியதில்லை. மாற்றம் உள்ளே பரவியிருந்தாலோ புற்றுநோய் எனச் சந்தேகம் இருந்தாலோ அந்த முறை கூடாது, முதல் படியில் எழுதிவைத்த மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். சிகிச்சை பெற்றவர்களுக்கு 12 மாதம் கழித்து மறுபரிசோதனை உண்டு. அந்தத் தேதியைச் சிகிச்சை நாளிலேயே பதிவேட்டில் எழுதுங்கள்.

உறவுக்குப் பின் ரத்தம், மாதவிடாய்க்கு இடையில் ரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் ஆகியவற்றைச் சொல்லும் பெண்ணை முகாம் தேதிக்காகக் காக்க வைக்காதீர்கள். அவருக்குத் தேவை மருத்துவர், அன்றைக்கே.

10. அடுத்த ஆண்டுக்கு இப்போதே

உங்கள் அட்டவணை இரண்டு டோஸ் என்றால், இரண்டாவதற்குக் குறைந்தது 6 மாத இடைவெளி வேண்டும். தாமதமாகிவிட்டால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து போடலாம். தடுப்பூசி போட்டுக்கொண்ட சிறுமியும் வளர்ந்த பிறகு பரிசோதனைக்கு வர வேண்டும் என்பதை அவளது அட்டையிலேயே எழுதிக் கொடுங்கள். தடுப்பூசி எல்லா வகை வைரஸையும் தடுப்பதில்லை.

புதிதாகத் தகுதி பெறும் வயதினரை ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் பட்டியலில் சேருங்கள். சிறுமிகளின் தடுப்பூசிப் பதிவேட்டில் ஒரு பிரதி பள்ளியிலும் ஒரு பிரதி சுகாதார நிலையத்திலும் இருக்கட்டும். தாய்மார்களின் பரிசோதனைப் பதிவேட்டைப் பள்ளியிலோ ஊர்ப் பொது இடத்திலோ வைக்க வேண்டாம், அது சுகாதார நிலையத்தில் பூட்டி இருக்க வேண்டும். செவிலியர் இடமாற்றலாகிப் போகும் முன், மறுபரிசோதனைக்குக் காத்திருக்கும் பெண்களின் பெயர்களைப் புதியவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்து ஒப்படைக்கச் சொல்லுங்கள்.